அழைப்பவர்கள்: பூஜ்யம்

பதினோரு லட்சம் வரிகள்.
எழுதியவர்களில் பாதிப் பேர்
இப்போது பெர்த்திலோ புனேயிலோ.
ஹொக் லியாங் மட்டும் இங்கேயே டாக்சி ஓட்டுகிறார்,
சந்தேகம் கேட்டால் மீட்டர் போடுவேன் என்கிறார்.
பாசிர் பாஞ்சாங்கில் ஒன்பதாவது மாடியில்
எனக்குக் கொடுத்தது ஒரு கறுப்புத் திரை,
சொல்லடைவு கட்டும் சின்னதொரு கருவி.

முதல் நாள் இரவு அதை ஓடவிட்டுவிட்டுக்
கீழே கோப்பி-ஓ வாங்கப் போனேன்.
வருவதற்குள் முடித்திருந்தது:
எந்தப் பெயர்
எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில்
பிறந்தது என்று அகர வரிசையில்,
ஒரு முணுமுணுப்பும் இல்லாமல்.

அப்புறம் யாரிடமும் வழி கேட்கவில்லை.
பெயர்மேல் நின்று இரண்டு விசை;
அது பிறந்த இடத்தில் இருப்பேன்.
பளுதூக்கியை நிறுத்தும் செயற்கூற்றிலிருந்து
காற்றின் வேகம் பார்ப்பதற்கு,
அங்கிருந்து, ஏனென்றே தெரியாமல்,
சீனப் புத்தாண்டு விடுமுறைப் பட்டியலுக்கு.
ஏழாவது தாவலில்
எதைத் தேடி வந்தேன் என்பது மறந்திருக்கும்.
கருவி மறப்பதில்லை.
இன்னொரு விசை தட்டத் தட்ட
வந்த வழியே ஒவ்வொரு படியாக இறக்கி
கிளம்பிய எழுத்தின் மேலேயே விடும்.
சுவா சூ காங் தாண்டிக் கண்விழித்த ஓர் இரவு
ரயிலிலும் அந்த விசையைத்
தேடியிருக்கிறது என் கட்டைவிரல்.

சில நாள் தவறும்.
நானூற்றுப் பன்னிரண்டாம் வரி என்று அனுப்பும்,
போனால் அங்கே
தனியாக ஒரு மூடும் அடைப்புக்குறி.
மேலே யாரோ முப்பது வரி நுழைத்திருப்பார்கள்.
கோபப்பட முடியவில்லை.
போன மாதம் சோறு கொண்டுவந்த பையன்
ஆறு இலக்க அஞ்சல் எண்ணை நம்பிப் போய்
ஒரு தகரத் தடுப்பின் முன் நின்று கூப்பிட்டான்:
அக்கா, இங்க பிளாக்கே இல்லையே.
வீவக இடித்துவிட்டது.
என் கைப்பேசி இன்னும் அங்கேயே குடியிருக்கிறது.
சொல்லடைவுக்கு மறுபடி கட்டு என்றால் போதும்.
நாற்பது நொடி.

அப்படித்தான் கண்ணில் பட்டது
'தவுக்கே_பொறு'.
அறுபத்து மூன்று வரி, ஒரு விளக்கமும் இல்லை.
உன்னை யார் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டேன்.
கருவி சொன்னது:
அழைப்பவர்கள், பூஜ்யம்.
இரண்டாம் முறை கேட்டேன். பூஜ்யம்.
கூப்பிட ஆளில்லாததற்கு
எதற்கு இடம் என்றார் மேலாளர் சுரையா.
அழித்தேன். அன்று முழுக்க
அலமாரியை ஒழித்த மாதிரி ஒரு லேசு.

மூன்றாம் நாள் நாலு இருபதுக்கு
கடல் பக்கமிருந்து கறுத்து வந்தது மழை.
பதினேழாம் பளுதூக்கி
ஒரு பச்சைக் கொள்கலனைப் பாதி உயரத்தில் பிடித்தபடி
நின்றுவிட்டது.
பதினோரு நிமிடம்.
யாருக்கும் அடியில்லை.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்
மூச்சுவிட்டதாக ஞாபகமில்லை.

இருந்தது, அழைப்பு.
எந்த நிரலிலும் இல்லை;
அமைப்புக் கோப்பொன்றின் அட்டவணையில்,
மேற்கோள்குறிகளுக்கு நடுவே, வெறும் எழுத்தாக.
காற்று ஒரு அளவைத் தாண்டினால்
அந்த எழுத்தைப் படித்து, அதைப் பெயராக்கி,
ஓடிப்போய்க் கூப்பிடும்.
சொல்லடைவுக்கு மேற்கோளுக்குள் கிடப்பது
சொல்லே இல்லை.

ஹொக் லியாங்குக்குப் போன் செய்தேன்.
பின்னால் வைப்பர் ஓடும் சத்தம்.
ஓ, அதுவா என்றார்,
அப்போது அவசரம்லா.
மீட்டர் போடவில்லை.

திரும்ப வைத்துவிட்டேன், அறுபத்து மூன்றையும்.
இன்று கேட்டாலும் பதில் பூஜ்யம்தான்,
கருவியிடம் பொய்யில்லை.
அதன் தலைமாட்டில் மட்டும்
ஒரு வரி குறிப்பு எழுதினேன்:
இதை மழை கூப்பிடும்.

அந்த ஒரு வரியால்
கீழே இருந்ததெல்லாம் ஒரு வரி நகர்ந்தது.
மறுபடி கட்டினேன்.
நாற்பது நொடி.